மொரீஷியஸ்: நூற்றுக்கு 44 பேர் வேண்டாம் என்ற விடுதலை

மார்ச் 8, 2025 – மாஎபூர்

விமான நிலையத்துக்கே விடுதலை பெற்ற நாட்டின் முதல் பிரதமர் சீவுசாகுர் ராம்குலாம் பெயர்தான். வந்திறங்கியவர்கள் பெரும்பாலும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வடக்கே கடற்கரை விடுதிகளுக்குப் போய்விடுகிறார்கள். நான் பக்கத்திலேயே, தென்கிழக்கு மூலையில் இருக்கும் மாஎபூரில் தங்கிவிட்டேன். இந்தத் தீவின் கதை தொடங்கியது இந்த வளைகுடாவில்தான்.

1598-ல் டச்சுக்காரர்கள் இங்கே நங்கூரம் பாய்ச்சி, தங்கள் இளவரசர் மௌரிட்ஸ் பெயரைத் தீவுக்குச் சூட்டினார்கள். அதற்கு முன்பே அரபு மாலுமிகளும் போர்த்துக்கீசியரும் எட்டிப் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். ஆனால் குடியிருந்தவர் என்று ஒருவரும் கிடையாது. நம் ஊருக்கு வெள்ளைக்காரன் வந்தபோது இங்கே ஒரு சனம் இருந்தது. அவனை ‘வெளியே போ’ என்று சொல்ல முடிந்தது. மொரீஷியஸில் மண்ணின் மைந்தன் என்று மார்தட்ட ஆளே இல்லை. இருந்தது டோடோ பறவை. பறக்கத் தெரியாத அந்தப் பறவையும் மனிதன் வந்து நூறு ஆண்டு தாண்டவில்லை, அழிந்துபோனது. முதலாளி, அடிமை, கூலி, கடைக்காரர் எல்லாருமே கப்பலில் வந்தவர்கள். இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், 12-ஆம் தேதி விடுதலை நாளுக்குத் தேவைப்படும்.

டச்சுக்காரர்கள் ஜாவாவிலிருந்து கரும்பையும் மானையும் கொண்டுவந்தார்கள், கருங்காலி மரங்களை வெட்டி ஏற்றினார்கள், புயலோடும் எலியோடும் மல்லுக்கட்டி ஓய்ந்து 1710-ல் மூட்டை கட்டினார்கள். 1715-ல் பிரெஞ்சுக்காரர்கள் வந்து ‘ஈல் தெ பிரான்ஸ்’ என்று பெயரை மாற்றினார்கள்.

மாலையில் இங்குள்ள தேசிய வரலாற்று அருங்காட்சியகம். மரங்களுக்கு நடுவே ஒரு பழைய பிரெஞ்சுக்காரர் பங்களா. 1810 ஆகஸ்டில் எதிரே தெரியும் இதே கடலில் பிரிட்டிஷ் கப்பல்களும் பிரெஞ்சுக் கப்பல்களும் மோதின. பிரிட்டிஷ் தரப்பில் வந்த நான்கு போர்க்கப்பல்களில் இரண்டு தரைதட்டி, எதிரி கையில் சிக்கக்கூடாதென்று அவர்களாலேயே எரிக்கப்பட்டன. மற்ற இரண்டும் பிடிபட்டன. பாரிஸில் நெப்போலியன் எழுப்பத் தொடங்கிய வெற்றி வளைவில் பொறிக்கப்பட்ட ஒரே கடற்போர் இதுதான். இரு தரப்புத் தளபதிகளும், பிரெஞ்சுக்காரர் துப்பெரேயும் ஆங்கிலேயர் வில்லோபியும், படுகாயத்தோடு இந்த ஒரே வீட்டில்தான் கிடத்தப்பட்டுச் சிகிச்சை பெற்றார்கள். கூடத்தில் நின்று பார்த்தால் இரண்டு கட்டில்களுக்கு மேல் இடமிருந்திருக்காது என்று தோன்றுகிறது.

வெற்றி மூன்று மாதம்தான் நின்றது. நவம்பர் கடைசியில் பிரிட்டிஷார் பெரும்படையோடு வடக்குக் கரையில் இறங்கினார்கள். அதில் சென்னைப் படைச் சிப்பாய்களும் இருந்தார்கள். டிசம்பர் 3-ல் பிரெஞ்சுக்காரர்கள் சரணடைந்தார்கள். சரணாகதி நிபந்தனைதான் வேடிக்கை: சட்டம், மொழி, மதம், சொத்து எதையும் தொடமாட்டோம் என்று ஜெயித்தவன் எழுதிக் கொடுத்தான். அதனால்தான் இன்றும் நாடாளுமன்றம் ஆங்கிலத்தில் பேசுகிறது, செய்தித்தாள் பிரெஞ்சில் வருகிறது, வீட்டிலும் தெருவிலும் பிரெஞ்சிலிருந்து பிறந்த கிரியோல் மொழி புழங்குகிறது. ஆங்கிலேயன் 158 ஆண்டு ஆண்டும் கரும்புத் தோட்டத்தின் பத்திரம் பிரெஞ்சுக்காரப் பெயர்களிலேயே இருந்தது.

மார்ச் 9 – லெ மோர்ன்

தென்மேற்கு முனையில் கடலுக்குள் தலை நீட்டி நிற்கும் ஒற்றைப் பாறை மலை. தப்பி ஓடிய அடிமைகள் இதன் உச்சியிலும் குகைகளிலும் ஒளிந்து வாழ்ந்தார்கள். 1835 பிப்ரவரி 1-ல் அடிமை முறை ஒழிந்தது. அந்தச் சேதியைச் சொல்லச் சிப்பாய்கள் மலையேறியதாகவும், பிடிக்கத்தான் வருகிறார்கள் என்று நினைத்து மேலே இருந்தவர்கள் குதித்துவிட்டதாகவும் ஒரு கதை வழிவழியாகச் சொல்லப்படுகிறது. நடந்ததா இல்லையா என்று வரலாற்றாசிரியர்கள் சண்டை போடட்டும். நடந்தது உறுதியாகத் தெரிந்த இன்னொன்று: 60,000-க்கும் மேற்பட்ட அடிமைகளை விடுவித்ததற்காக இந்தத் தீவின் எஜமானர்களுக்கு பிரிட்டிஷ் அரசு 20 லட்சம் பவுனுக்கு மேல் நஷ்டஈடு கொடுத்தது. அடிமைகளுக்குக் காலணாகூட இல்லை. அதற்கு மேல் சில ஆண்டுகள் ‘பயிற்சியாளர்’ என்ற பெயரில் அதே எஜமானிடம் உழைக்கவும் வேண்டியிருந்தது.

இன்று வெயில் மண்டையைப் பிளந்தது. அடிவாரத்தோடு திரும்பிவிட்டேன்.

மார்ச் 10 – போர்ட் லூயி

துறைமுகத்துக்கு எதிரே இரண்டு பக்கமும் பனை வரிசை. அதன் தலைமாட்டில் மாஎ தெ லபூர்தொனேயின் சிலை. சென்னைக்காரனுக்கு இவர் பழைய பகையாளி. 1735-ல் இங்கே ஆளுநராக வந்து, தலைநகரைத் தென்கிழக்கிலிருந்து இந்தத் துறைமுகத்துக்கு மாற்றி, கப்பல்துறை, மருத்துவமனை, சாலை, கால்வாய் என்று கட்டித் தள்ளினார். பளு சுமந்தது மடகாஸ்கரிலிருந்தும் மொசாம்பிக்கிலிருந்தும் பிடித்துவந்த அடிமைகள். கொத்து வேலையும் தச்சு வேலையும் தெரிந்தவர்களைப் புதுச்சேரிப் பக்கமிருந்து வரவழைத்தார். ஆக, கரும்பு வெட்டக் கூலிகள் வருவதற்கு நூறு ஆண்டு முன்பே இந்த ஊரில் தமிழ்க் கொத்தனார்கள் இருந்தார்கள். நகரின் கிழக்கு ஓரத்தில் அவர்கள் குடியிருந்த பகுதிக்கு மலபார் முகாம் என்று பெயர். தமிழனாக இருந்தாலும் பிரெஞ்சுக்காரனுக்கு அவன் ‘மலபார்’தான்.

1746-ல் இதே துறைமுகத்திலிருந்து கப்பல்களைத் திரட்டிக்கொண்டுபோய் லபூர்தொனே சென்னை ஜார்ஜ் கோட்டையைச் சில நாட்களிலேயே பிடித்தார். 11 லட்சம் பகோடா பொன் நாணயத்துக்குக் கோட்டையை ஆங்கிலேயரிடமே திருப்பிக் கொடுப்பதாகப் பேரம் முடித்தார். புதுச்சேரியிலிருந்த பிரெஞ்சு ஆளுநர் டூப்ளே ‘அதெல்லாம் முடியாது’ என்று குறுக்கே நிற்க, இழுபறி நடக்கும்போதே அக்டோபர் புயல் வந்து இவருடைய கப்பல்களைச் சிதறடித்தது. ஊர் திரும்பியவரைப் பிரான்சில் பஸ்தீல் சிறையில் போட்டார்கள். குற்றமற்றவர் என்று வெளியே வந்தபோது உடம்பு போயிருந்தது, 1753-ல் இறந்தார். புதுச்சேரியில் ஒரு தெருவுக்கு இவர் பெயர் இருக்கிறது. இங்கே தலைநகரின் நெற்றியில் நிற்கிறார். விடுதலை பெற்ற பிறகும் யாரும் இறக்கவில்லை. இந்த ஊரைக் கட்டியவர் என்பது ஒரு காரணம். இறக்கச் சொல்லும் அளவுக்கு எல்லாருக்கும் பொதுவான ஓர் ஆத்திரம் இங்கே இருந்ததில்லை என்பது இன்னொரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

சிலையிலிருந்து சிறிது நடந்தால் ஆப்ரவாசி காட், ஒப்பந்தக் கூலிகள் வந்திறங்கிய முகாம். கருங்கல் படிகள், கூரையில்லாத சுவர்கள், ஒரு மருத்துவக் கட்டடம், சமையல் கூடத்தின் மிச்சம். யுனெஸ்கோ பட்டியலில் 2006-ல் சேர்ந்த இடம் என்று பெரிதாக எதிர்பார்த்துப் போகிறவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கும். வளாகத்தின் பெரும்பகுதி எப்போதோ போய்விட்டது. பக்கத்தில் நெடுஞ்சாலை இரைகிறது. படிகளைத் தொட்டுக்கொண்டிருந்த கடலும் தூர்த்ததில் பின்வாங்கிவிட்டது.

1834 நவம்பர் 2-ல் ‘அட்லஸ்’ என்ற கப்பல் கல்கத்தாவிலிருந்து 36 பேரை இறக்கியது. அடிமைகளுக்குப் பதிலாக ஒப்பந்தக் கூலிகளை வைத்துத் தோட்டத்தை ஓட்ட முடியுமா என்று பிரிட்டிஷார் பார்த்த வெள்ளோட்டம் அது. ஓட்ட முடிந்தது. அதன் பிறகு 1910 வரை நாலரை லட்சத்துக்கு மேல் வந்தார்கள். பெரும்பாலோர் கல்கத்தா வழியாக, அடுத்த பெரும் கூட்டம் சென்னை வழியாக. ஐந்து ஆண்டு ஒப்பந்தம், ஆணுக்கு மாதம் 5 ரூபாய், அரிசி, பருப்பு. ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் இரண்டு நாள் கூலி பிடிப்பார்கள்.

படிகளின் விளிம்புகள் நடுவில் குழிந்திருக்கின்றன. கையால் தடவிப் பார்த்தேன். ஓரத்தில் கல் சொரசொரப்பாக இருக்கிறது, நடுவில் வழவழப்பு. இங்கே ஏறியவர்கள் இரண்டு நாள் போலத் தங்கி, எண் வாங்கி, எந்தத் தோட்டம் என்று தெரிந்துகொண்டு போவார்கள். ஒப்பந்தம் முடிந்தவர்களும் சும்மா நடமாட முடியாது. 1867-ல் வந்த சட்டப்படி படம் ஒட்டிய சீட்டைச் சட்டைப்பையில் வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் நாடோடி என்று பிடித்துப் போடுவார்கள். அந்தப் படங்களும் பதிவேடுகளும் மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் பத்திரமாக இருக்கின்றன. கேமராவை முதன்முதலாகப் பார்த்த முகங்கள் என்று பார்த்தாலே தெரிகிறது. ஒருவர்கூடச் சிரிக்கவில்லை.

1871-ல் கரும்புத் தோட்டம் நடத்திய அடால்ஃப் தெ பிளெவிட்ஸ் என்பவர் கூலிகளின் குறைகளை எழுதி 9,401 பேரிடம் ஒப்பம் வாங்கி ஆளுநரிடம் கொடுத்தார். அதற்காக அவரை நடுத்தெருவில் அடித்தார்கள். ஆனால் லண்டனிலிருந்து விசாரணைக் குழு வந்தது.

அடிமைகளுக்கான அருங்காட்சியகமும் இந்தப் பக்கமே, லபூர்தொனே காலத்து ராணுவ மருத்துவமனையில். கூலி வந்த படியையும் அடிமை கட்டிய சுவரையும் கால் வலிக்காமல் ஒரே காலையில் பார்த்துவிடலாம். ஆனால் வருகிறவர்கள் பெரும்பாலும் ஏதாவது ஒன்றைத்தான் பார்க்கிறார்கள் என்றார் காவலாளி.

மார்ச் 11 – போர்ட் லூயியிலிருந்து ரோஸ் ஹில்

மோடி வந்துவிட்டார். நாளை அவர்தான் சிறப்பு விருந்தினர். நகரம் முழுக்கச் சிவப்பு, நீலம், மஞ்சள், பச்சை என்று நாலு பட்டைக் கொடியும் பக்கத்தில் நம் மூவர்ணமும். துறைமுகத்தில் இந்தியப் போர்க்கப்பல் ‘இம்பால்’. பள்ளிப் பிள்ளைகள் ஆளுக்கொரு காகிதக் கொடியோடு பேருந்துக்கு ஓடுகிறார்கள்.

சந்தையில் தால் பூரி வாங்கிச் சில்லறை கொடுக்கும்போதுதான் நோட்டுகளைச் சரியாகப் பார்த்தேன். ஆங்கிலத்துக்கு அடுத்தபடியாக, இந்திக்கு முன்னால், தமிழில் மதிப்பு அச்சிட்டிருக்கிறது. 1998-ல் புது நோட்டு அடித்தபோது இந்தியை முன்னே தள்ளிவிட்டார்கள். தமிழர்கள் தெருவுக்கு வந்தார்கள். வந்த இடத்தில் யார் முந்தி வந்தோம் என்பதில் அவர்களுக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை. அரசு நோட்டுகளைத் திரும்பப் பெற்று, பழைய வரிசையில் மறுபடி அச்சடித்தது. பணக்காரத் தகராறு என்று நமக்குச் சிரிப்பு வரலாம். கப்பலில் வந்தவர்கள் மட்டுமே உள்ள ஊரில் வரிசை என்பது சாதாரண விஷயமில்லை.

100 ரூபாயில் இருப்பவர் ரங்கநாதன் சீனிவாசன். தமிழர், வழக்கறிஞர், தொழிற்கட்சியின் பெரிய பேச்சாளர், விடுதலையைப் பார்க்காமலே 1958-ல் இறந்தவர். 200-ல் அப்துல் ரசாக் முகமது. 25-ல் சீனர், ஆ சுவென். 2000-ல் ராம்குலாம். 1000 ரூபாய் நோட்டை விடுதிக்காரம்மாவிடம் கேட்டு வாங்கிப் பார்த்தேன். அதில் கயத்தான் துவால்.

இந்த மனிதர் விடுதலை வேண்டாம் என்றவர். நன்றாகத்தான் படிக்கிறீர்கள். 1967 ஆகஸ்டு 7-ல் நடந்த தேர்தல் ஏறக்குறைய ஒரே கேள்வியின் மீது நடந்தது: தனி நாடா, பிரிட்டனோடு ஒட்டிக்கொண்டிருப்பதா? தனி நாடு கேட்டது ராம்குலாம் தலைமையிலான கூட்டணி. துவாலின் கட்சி பிரிட்டனோடு இருப்போம் என்றது. வெள்ளைத் தோட்ட முதலாளிகளும், அடிமைகளின் வழிவந்த கிரியோல் மக்களில் பெருவாரியானவர்களும், தமிழர்களிலும் ஒரு பகுதியும் துவால் பின்னால் நின்றார்கள். வெள்ளையன் போனால் இந்தியர்கள் எண்ணிக்கை பலத்தில் ஏறி மிதிப்பார்கள் என்ற பயம். ‘மலபார் நமக்கு வேண்டாம்’ என்பது அந்தத் தேர்தலின் தெருக்கோஷம். புதுச்சேரிக் கொத்தனாருக்கு வைத்த பெயர், இருநூறு ஆண்டில் எல்லா இந்துவுக்குமான வசையாகியிருந்தது.

முடிவு: ராம்குலாம் அணிக்கு 39 இடம், துவாலுக்கு 23. வாக்குக் கணக்கில் நூற்றுக்கு 44 பேர் துவால் பக்கம். விடுதலை வேண்டாம் என்று இத்தனை பேர் வாக்குப்போட்ட காலனி உலகத்தில் எத்தனை இருக்கும்? இரண்டே ஆண்டில் ராம்குலாம் துவாலைக் கூட்டணிக்குள் இழுத்து வெளியுறவு அமைச்சராக்கினார். பிறகு நோட்டிலும் வந்தார். அவர் முகம் அதில் நல்ல களையாகத்தான் இருக்கிறது.

மார்ச் 12 – ரோஸ் ஹில்

ஷான் தெ மார்ஸ் மைதானத்துக்குப் போகும் எண்ணத்தைக் காலையிலேயே விட்டுவிட்டேன். காவல் கெடுபிடி அப்படி. ஆங்கிலேயர்களோடு பிரெஞ்சுக் குடிகளைச் சேர்த்துவைக்க 1812-ல் தொடங்கிய குதிரைப் பந்தய மைதானம் அது. 1968 மார்ச் 12 நண்பகலில் யூனியன் ஜாக் இறங்கி நாலு பட்டை ஏறியதும் அங்கேதான். 12-ஆம் தேதியைத் தேர்ந்தெடுத்தது காந்தியின் தண்டி யாத்திரை தொடங்கிய நாள் என்பதற்காக என்று சொல்வார்கள்.

விடுதிக்காரம்மாவின் பெரியப்பா வீட்டில் தொலைக்காட்சி. அவருக்கு எழுபத்தைந்து தாண்டியிருக்கும். திருவாரூர்ப் பக்கத்து வம்சம். தமிழ் தேவாரமாகவும் ‘வணக்கம் தம்பி, சாப்பிடுங்க’ என்பதாகவும் மட்டும் மிஞ்சியிருக்கிறது. மற்றதெல்லாம் கிரியோலில், பேத்தி எனக்கு ஆங்கிலத்தில் சொன்னாள்.

“ஐயா, அன்றைக்கு மைதானத்துக்குப் போனீர்களா?”

“அப்பா விடவில்லை. ஜனவரியில் என்ன நடந்தது தெரியுமில்லையா?”

தெரியும். விடுதலைக்கு ஏழெட்டு வாரம் இருக்கும்போது போர்ட் லூயியில் கிரியோல்களுக்கும் முஸ்லிம்களுக்கும் கலவரம் மூண்டது. இருபதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். நெருக்கடி நிலை, சிங்கப்பூரிலிருந்து பிரிட்டிஷ் சிப்பாய்கள் வந்தார்கள். கொடியேற்றத்துக்கு வரவிருந்த இளவரசி அலெக்ஸாண்ட்ரா பயணத்தையே ரத்து செய்தார். போகப்போகிற எஜமானனின் படையைக் காவலுக்கு வைத்துக்கொண்டு நாடு பிறந்தது.

“எங்கள் தெருவில் ஏழு வீடு. மூன்று வீட்டில் கொடி. மற்ற வீடுகளில் சன்னல்கூடத் திறக்கவில்லை. இதோ, இந்தப் பக்கத்து வீட்டுக்காரர் கிரியோல், ரயில்வேயில் இருந்தவர். எனக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர். அந்த வருஷமே ஆஸ்திரேலியா போய்விட்டார்கள். மேசை நாற்காலியெல்லாம் வந்த விலைக்கு விற்றார்கள்.”

நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்த மேசையை விரலால் தட்டினார். அப்பா அன்று வாங்கியது. கனமான மரம், ஒரு மூலையில் யாரோ பையன் பேனாக்கத்தியால் கீறிய எழுத்து மெருகுக்கு அடியில் தெரிகிறது. அதன் மேல் வாழையிலை, ரசம், முருங்கைக்கீரை, பலாப்பிஞ்சுக் கறி.

திரையில் அணிவகுப்பு. நம் கடற்படைக்காரர்கள், வானிலிருந்து குதிக்கும் நம் விமானப்படையின் ஆகாஷ் கங்கா குழு. மேடையில் மோடிக்குப் பக்கத்தில் பிரதமர் நவீன் ராம்குலாம், சீவுசாகுரின் மகன்; போன நவம்பரில்தான் மறுபடி ஆட்சிக்கு வந்தவர். பேத்தி கையில் செல்பேசி, கண் எதிலும் இல்லை. தேசிய கீதம் வந்ததும் மட்டும் எழுந்தாள். பெரியவரும் மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

“அப்பா விட்டதை மகன் பிடிக்கப் பார்க்கிறார்” என்றார், உட்கார்ந்த பிறகு. விடுதலைக்கு முன் பிரிட்டன் வெட்டி எடுத்துக்கொண்ட சாகோஸ் தீவுகளைச் சொல்கிறார்.

முழு விடுதலைகூட அன்று வரவில்லை. 1992 மார்ச் 12 வரை ராணிதான் நாட்டுத் தலைவர். குடியரசானபோது முதல் தலைவரானவர் வீராசாமி ரிங்காடு, தமிழர். கடைசி மேல்முறையீடு இன்றும் லண்டன் பிரிவி கவுன்சிலுக்குத்தான் போகிறது. இதை ஒரு குறையாக இங்கே யாரும் சொல்லிக் கேட்கவில்லை. ‘நம்மவர் நீதிபதி என்றால் எந்த நம்மவர்?’ என்று பேத்தி கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை.

மார்ச் 13 – போர்ட் லூயி, துறைமுகம்

கிளம்புவதற்கு முன் கப்பல்துறைப் பக்கம் ஒரு நடை. 1973-ல் ‘நார்ட்வேர்’ என்ற கப்பல் சாகோஸ் தீவுகளின் கடைசி ஆட்களை ஏற்றிவந்து இங்கே நின்றது. இறங்கமாட்டோம் என்று அவர்கள் கப்பலிலேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

விடுதலைக்கு மொரீஷியஸ் கொடுத்த விலை அவர்கள். 1965 செப்டம்பரில் லண்டன் பேச்சுவார்த்தையின்போது பிரிட்டிஷ் பிரதமர் வில்சன் ராம்குலாமைத் தனியாகச் சந்தித்தார். சந்திப்புக்கு முன் வில்சனுக்கு அவருடைய செயலாளர் எழுதிய குறிப்பு இப்போது ஊரறிந்த ஆவணம்: விடுதலை கிடைக்கலாம் என்ற நம்பிக்கையைக் காட்டியே அவரை மிரட்ட வேண்டும், சாகோஸ் விஷயத்தில் ஒத்துவராவிட்டால் கிடைக்காமல் போகலாம் என்ற பயத்தையும் காட்ட வேண்டும். நவம்பர் 8-ல் சாகோஸ் வெட்டப்பட்டது. விலை 30 லட்சம் பவுன். சாகோஸின் பெரிய தீவான டியேகோ கார்சியாவில் அமெரிக்காவுக்கு ராணுவத் தளம். தென்னந்தோப்புகளில் தலைமுறைகளாக உழைத்து வாழ்ந்த ஆயிரத்தைந்நூறு பேருக்கும் மேல் வெளியேற்றப்பட்டார்கள். அவர்கள் நாய்களைப் பிடித்துக் கொப்பரை உலர்த்தும் கொட்டிலில் அடைத்து, புகை விட்டுக் கொன்றார்கள். இங்கே வந்து சேர்ந்தவர்கள் குடிசைகளில் ஒண்டினார்கள்; ‘இவர்கள் ஏன் இங்கே’ என்றுதான் போர்ட் லூயி கேட்டது.

2019-ல் சர்வதேச நீதிமன்றம் அந்த வெட்டு சட்டவிரோதம் என்றது, ஐ.நா. பொதுச்சபையில் 116 நாடுகள் ஆமோதித்தன, எதிர்த்தவை 6. போன அக்டோபரில் பிரிட்டன் திருப்பித் தருவதாக அறிவித்தது. இப்போது மகன் ராம்குலாம் நிபந்தனைகள் போதாது என்று மறுபடி பேசிக்கொண்டிருக்கிறார்.

நேற்று திரையில் நம் கொடியைப் பார்த்து எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் வடக்கே மொரீஷியஸுக்குச் சொந்தமான அகலேகா தீவில் இந்தியா கட்டிய விமான ஓடுபாதையும் துறையும் 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டதையும் சேர்த்து நினைக்க வேண்டியிருக்கிறது. அது ராணுவத் தளம் இல்லை என்று இரண்டு அரசுகளும் சொல்கின்றன. அங்கே இருக்கும் முந்நூறு சொச்சம் பேருக்கு சாகோஸ் கதை நன்றாகத் தெரியும்.

மே 23 – சென்னையிலிருந்து சேர்த்தது

நேற்று கையெழுத்தாகிவிட்டது. சாகோஸ் மொரீஷியஸுக்கு, டியேகோ கார்சியா மட்டும் 99 ஆண்டு குத்தகையில் பிரிட்டனிடமே, சராசரியாக ஆண்டுக்கு சுமார் 10 கோடி பவுன் வாடகைக்கு. மற்ற தீவுகளில் மக்களைக் குடியேற்ற மொரீஷியஸுக்கு உரிமை உண்டு, அந்த ஒன்றில் இல்லை. எங்களை யாரும் கேட்கவில்லை என்று இரண்டு சாகோஸ் பெண்கள் லண்டன் உயர் நீதிமன்றத்துக்குப் போய், விடிவதற்கு முன்பே தடை வாங்கினார்கள். மதியத்துக்குள் தடை விலகியது, ஒப்பந்தம் முடிந்தது. அந்த இருவருமே பிறந்தது டியேகோ கார்சியாவில்.